கொசுவுக்குப் பயந்து கழியைத் தூர்ப்பதா?

மழை விட்டுப் பனி தொடங்கினால், பழவேற்காடு ஏரிக்குப் பூநாரைகள் வந்து சேருகின்றன. அவற்றைப் பார்க்க வட சென்னையிலிருந்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். எர்ணாவூர்க்காரர்களுக்கு இது பெரிய பிரயாணம் அல்ல. எண்ணூரில் மின்சார ரயில் ஏறினால் பொன்னேரி, அங்கிருந்து பஸ். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், பக்கத்திலேயே இருக்கும் எண்ணூர்க் கழியோரம் போய், அலையாத்தி மரங்களையும் கொக்கு, நாரைகளையும் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு வருகிறார்கள்.

நல்ல காரியம்தான். ஆலைப் புகையையும் லாரிகளையுமே பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இது அவசியமும்கூட. ஆனால் வீடு திரும்பியதும் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: "இடம் நன்றாகத்தான் இருந்தது, கொசுதான் பிடுங்கித் தின்றுவிட்டது!"

அந்தப் பேச்சோடு நின்றால் பரவாயில்லை. "இந்தச் சேற்றையும் சகதியையும் மண் போட்டு மூடிவிட்டால் கொசுத் தொல்லை ஒழிந்துவிடுமே!" என்று யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்பதற்கு நியாயம்போல் தோன்றுகிறது. உண்மையில் அது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. மூட்டைப்பூச்சி ஒரு வீட்டில் இருக்க, வேறொரு வீட்டைக் கொளுத்தச் சொல்லுகிறார்கள்!

எப்படி என்று பார்ப்போம்.

மூன்று தண்ணீர்

எர்ணாவூரில் மூன்று வகைத் தண்ணீர் உண்டு. மூன்றும் ஒன்றல்ல.

முதலாவது, கழித் தண்ணீர். கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலோடு சேருகிறது. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வருகிறது. இறங்கும்போது வெளியே போகிறது. தினமும் நடக்கிற இந்தப் போக்குவரத்துதான் கழிக்கு உயிர். மீனும் இறாலும் நண்டும் இந்தத் தண்ணீரை நம்பி வளருகின்றன. அவற்றை நம்பி மீனவக் குடும்பங்களும், கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் வாழ்கின்றன.

இரண்டாவது, கால்வாய்த் தண்ணீர். சென்னையிலிருந்து எண்ணூர் வரை படகு போவதற்காக வெட்டப்பட்ட கால்வாய் 1806-ல் முடிந்தது. வெட்டியவர் பெயரால் அது 'கொக்ரேன் கால்வாய்' எனப்பட்டது. பிறகு வடக்கேயும் தெற்கேயும் நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து நகருக்குள் அதை வெட்டினார்கள். 1878-ல் கவர்னர் பெயர் சூட்டப்பட்டு 'பக்கிங்ஹாம் கால்வாய்' ஆயிற்று. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போன வழி அது. இன்று படகு இல்லை. சாக்கடை இருக்கிறது, அதன்மேல் ஆகாயத்தாமரை படர்ந்திருக்கிறது. தண்ணீர் நகருவதில்லை.

மூன்றாவது, வீட்டுத் தண்ணீர். லாரியில் வருவதையும் குழாயில் வருவதையும் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் டிரம், குடம், சிமெண்டுத் தொட்டி, மாடித் தொட்டி.

இந்த மூன்றில் கொசுவுக்கு ஆகாத தண்ணீர் எது தெரியுமா? எல்லோரும் பழி சுமத்துகிறார்களே, அந்தக் கழித் தண்ணீர்தான்!

கொசுவின் பிறப்பு

கொசு தண்ணீரில் பிறக்கிறது. தண்ணீரிலோ அதன் விளிம்பிலோ முட்டை இடுகிறது, முட்டை புழுவாகிறது, புழு கூட்டுப்புழுவாகிறது, அது சிறகு முளைத்துப் பறக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரம், பத்து நாளில் எல்லாம் முடிந்துவிடும். இந்தப் புழு தண்ணீருக்குள் இருந்தாலும் காற்றைத்தான் சுவாசிக்கிறது. அதற்காக மேலே வந்து, உடலை நீர்மட்டத்தில் பொருத்தி மூச்சு வாங்க வேண்டும். ஆகையால் அதற்கு அசையாத தண்ணீர் தேவை. தண்ணீர் ஓடினாலும் அலை அடித்தாலும் அதனால் தங்க முடியாது. மீன் இருந்தால் இன்னும் கஷ்டம். நெற்றியில் வெள்ளைப் புள்ளி மின்ன, நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும் குட்டி மீனைப் பலர் குட்டைகளில் பார்த்திருப்பார்கள். அதற்குக் கொசுப் புழு விருந்து.

கழியிலும் கொசு அறவே இல்லை என்று சொல்ல மாட்டோம். உப்புத் தண்ணீரில் வளரும் கொசு வகைகளும் உண்டு. ஆனால் அவற்றுக்கும் தேங்கிய குழிதான் வேண்டும். பெரிய ஏற்றத்தில் கடல் எட்டிப் பார்த்துவிட்டுப் போன பள்ளங்கள், மண்ணும் சாம்பலும் கொட்டியதால் தடைபட்டு நின்றுபோன ஓடைகள் ஆகியவைதான் அவற்றின் வீடு. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து எண்ணூர்க் கழியில் பல இடங்கள் மேடாகிவிட்டன. எங்கே நாம் கழியைக் கெடுத்தோமோ, அங்கேதான் கொசுவுக்கு இடம் கொடுத்தோம்.

யார் எந்த வேளையில் வருகிறார்?

கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை வளர்ச்சிக்கு அதற்கு ரத்தம் வேண்டும். ஆண் கொசு பூந்தேனோடு திருப்தி அடைந்துவிடும்.

நம் பக்கத்தில் முக்கியமானவை மூன்று சாதி. சாக்கடையிலும் அழுக்குக் கால்வாயிலும் பெருகுவது கியூலெக்ஸ். அது இரவில் கடிக்கும். யானைக்கால் வியாதியைப் பரப்புவது அதுதான். கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளருகிற அனாபிலிஸ், அந்தி முதல் விடியும்வரை கடித்து மலேரியாவைக் கொடுக்கும். காலில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ், வீட்டு டிரம்மிலும் பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் வளரும். அது பட்டப்பகலில் வரும். காலையிலும் மாலை இருட்டுவதற்கு முன்பும் அதிகம் கடிக்கும். டெங்குவும் சிக்குன்குனியாவும் அதன் சீதனம். சிக்குன்குனியா நமக்குப் புதிதல்ல. 1964-ல் சென்னையில் ஒரு பெரிய அலை அடித்து ஓய்ந்தது. 2006-ல் மறுபடி வந்து தமிழ்நாடு முழுவதும் மூட்டுகளை முடக்கிப் போட்டது.

ஆகவே, கழியோரம் மாலையில் நம்மைக் கடிக்கிற கொசு, பெரும்பாலும் கால்வாயில் பிறந்தது. வீட்டில் காலை வேளையில் குழந்தையைக் கடிக்கிற கொசு, அநேகமாக அந்த வீட்டிலேயே பிறந்தது. ஏடிஸ் அதிக தூரம் பறக்காது. தான் பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு அடிகளுக்குள்ளேயே காலம் கழித்துவிடும்.

போகிறவர்கள் கவனத்துக்கு

இதற்காகப் பறவை பார்க்கப் போவதை நிறுத்த வேண்டாம். ஜாக்கிரதையாகப் போய் வரலாம்.

முதலில், நேரம். வெயில் ஏறத் தொடங்கியதும் போங்கள். மாலை ஐந்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். சூரியன் மறையும் வேளையில் கழியோரம் அழகாக இருக்கும். கொசுப்படை கிளம்புவதும் அந்த வேளையில்தான்.

அடுத்து, இடம். கொசு காற்றில் நிற்க மாட்டாத பூச்சி. கடற்காற்று வீசுகிற திறந்த இடத்தில் உட்காருங்கள். பகலில் கொசு நிழலிலும் புதரிலும் ஒதுங்கி இருக்கும். சோற்று மூட்டையை அவிழ்ப்பதற்கு அடர்ந்த புதர் நிழலைத் தேடிப் போனால், நாமே அதற்குப் பந்தி போட்டதாகும்.

பிறகு, உடை. வெளிர் நிறத்தில், முழுக்கை வைத்து, கொஞ்சம் தொளதொளவென்று இருக்க வேண்டும். கறுப்பும் கருநீலமும் கொசுவை இழுக்கும். உடம்போடு ஒட்டிய மெல்லிய துணி வழியாகவும் கொசு குத்திவிடும். லுங்கியை மடித்துக் கட்டாமல் இறக்கி விடுவது நல்லது. பெண்கள், வயலில் வேலை செய்பவர்கள் போடுவதுபோல, புடவைமேல் ஒரு முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம். குழந்தைகளுக்குக் காலுறை போடுங்கள். கொசு அதிகம் தேடுவது கணுக்காலைத்தான்.

அதற்குமேல், பூச்சு மருந்து. கடைகளில் விற்கும் கொசு விரட்டிப் பூச்சுகளில் டீட் அல்லது பிகாரிடின் என்ற மருந்து இருக்கிறதா என்று உறையைப் பாருங்கள். துணி மூடாத இடத்தில் மட்டும் பூசினால் போதும். கண், வாய், புண் உள்ள இடங்களில் படக்கூடாது. குழந்தைகளுக்குப் பெரியவர்கள் தம் உள்ளங்கையில் எடுத்துத் தடவிவிட வேண்டும். குழந்தையின் கைகளில் பூசக்கூடாது, அது வாய்க்குப் போகும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குப் பூச்சே வேண்டாம், வலைதான் சரி. வியர்வையில் கரைந்தால் மறுபடி பூச வேண்டும். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து பூசுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. தவறில்லை. ஆனால் அதன் பலன் சீக்கிரம் போய்விடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நொச்சி இலைப் புகையும் அப்படித்தான். புகை இருக்கிற வரையில் பலன். செடி வாசலில் சும்மா நிற்பதால் கொசு ஓடிவிடாது.

இன்னொரு விஷயம். தின்ற இடத்தில் பிளாஸ்டிக் குவளை, இளநீர் ஓடு, தயிர்சாத டப்பா எதையும் போட்டுவிட்டு வராதீர்கள். ஒரு மழை பெய்தால் ஒவ்வொன்றும் ஒரு கொசுத் தொட்டில். கொசு கடித்தது என்று திட்டிக்கொண்டே அடுத்த கொசுவுக்குத் தொட்டில் கட்டிவிட்டு வருவது எந்த ஊர் நியாயம்?

போய் வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் அலட்சியம் கூடாது. எங்கே போனீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவது ஆபத்து. அவை ரத்தக் கசிவை அதிகமாக்கக் கூடும்.

ஒரு தொட்டி சொன்ன பாடம்

கொசுவால்தான் மலேரியா பரவுகிறது என்பதற்கு அடிப்படையான ஆதாரத்தை 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி செகந்திராபாத்தில் கண்டவர் டாக்டர் ரொனால்டு ராஸ். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை அவர் பார்த்தார். 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு, 1883-ல், பெங்களூரில் ராணுவ டாக்டராக இருந்தபோது அவருடைய வீட்டில் கொசு தாங்க முடியவில்லை. தேடிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி; அதில் நிறையப் புழுக்கள். தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை.

அந்தத் தொட்டிதான் இன்று எர்ணாவூரில் வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் டிரம்மாக நிற்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் அதைக் காலி செய்து, உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்ப்பது முக்கியம். ஏடிஸ் தன் முட்டையை விளிம்பில் ஒட்டி வைக்கிறது. அந்த முட்டை பல மாதம் காய்ந்து கிடந்தாலும் சாகாது. தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். கழுவிய டிரம்மைத் துணியால் இறுக வாய் கட்ட வேண்டும். பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்ட வேண்டும். ஏடிஸ் இரவுக்குக் காத்திருப்பதில்லை.

ஆனால் டிரம் வைத்திருக்கிற பெண்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. தினம் குழாயில் தண்ணீர் வந்தால் யார் ஐந்து டிரம் நிரப்பி வைப்பார்கள்? ஆசைக்காகவா சேமிக்கிறார்கள்? நாளைக்கு லாரி வருமோ வராதோ என்ற பயத்துக்காகச் சேமிக்கிறார்கள். கொசு ஒழிப்பின் முதல் வேலை, குடிதண்ணீரைத் தவறாமல் கொடுப்பது. கொசு வளரவிடும் வீட்டுக்காரருக்கு நோட்டீசு கொடுக்க 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் இடம் தருகிறது. நோட்டீசு கொடுக்கிற கை, தண்ணீரும் கொடுக்க வேண்டும்.

தேவை கழியல்ல, கவனம்

கால்வாய் விஷயமும் இதுவே. அந்தி நேரத்தில் புகை வண்டி தெருவில் வந்து போனால் ஜனங்களுக்கு ஒரு திருப்தி. அந்தப் புகை, பறக்கும் கொசுவைத்தான் அப்போதைக்குக் கொல்லும்; தண்ணீரில் இருக்கும் புழுவைத் தொடாது. மறுவாரம் புதிய படை கிளம்பிவிடும். ஆகாயத்தாமரையை அகற்றுவதும், சாக்கடையைக் கால்வாயில் விடாமல் தடுப்பதும், தண்ணீரை ஓட விடுவதும்தான் நிலையான வைத்தியம். அதுவரை, புழுவை மட்டும் கொல்லும் நுண்ணுயிர் மருந்துகள் இருக்கின்றன. அவை மீனைக் கொல்லுவதில்லை.

முன்னெல்லாம் குட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொசுப் புழுவைக் கொல்லுவார்கள். எண்ணெய் படர்ந்தால் புழுவுக்கு மூச்சு முட்டும். சின்னக் குழிக்கு அது சரி. கழியில் எண்ணெய் படர்ந்தால் என்ன ஆகும் என்பதை எர்ணாவூர் 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் கண்ணாரக் கண்டது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் வீடுகளுக்குள் புகுந்தது. அலையாத்தி மரங்களில் அப்பியது. வலையும் படகும் கறுத்தன. மீனவர்கள் தொழில் இழந்து நின்றார்கள். மீன் அழிந்த தண்ணீர் மறுபடி யாருக்குச் சொந்தமாகும்? புழு தின்ன ஆள் இல்லாத இடத்தில் கொசுவுக்குத்தான் கொண்டாட்டம்.

தூர்ப்பதும் அப்படியே. கழி சுருங்கினால் மழை வெள்ளம் போக இடமில்லை. போக இடமில்லாத வெள்ளம் தெருவில் நிற்கும், மனையில் நிற்கும், வாரக்கணக்கில் நிற்கும். பெரிய தண்ணீரை மூடியவன் ஆயிரம் சிறு குட்டைகளை உண்டாக்குகிறான்.

நம்மவர்கள் பலர் வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே சுங்கை பூலோ என்ற அலையாத்திச் சதுப்பு நிலத்தை 1993-ல் பூங்காவாகத் திறந்தார்கள். 2002-ல் இயற்கைக் காப்பகம் ஆக்கினார்கள். கொசுவுக்குப் பயந்து அதைத் தூர்க்கவில்லை. அதே ஊரில், வீட்டுப் பூந்தொட்டியில் கொசுப் புழு இருந்தால் வீட்டுக்காரர் அபராதம் கட்ட வேண்டும்! எதைக் காக்க வேண்டும், எதைக் கண்காணிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை சாட்சி. 1963-ல் அந்த நாடு முழுவதிலும் மலேரியா கண்டவர்கள் 17 பேர்தான். 'ஒழிந்தது' என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளில் லட்சக்கணக்கானவர்கள் மலேரியாவில் விழுந்தார்கள். மறுபடி பல பத்தாண்டுகள் பாடுபட்டு, 2016-ல்தான் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் அது பெயர் வாங்கியது. இந்தியாவின் கதையும் வேறல்ல. 1965-ல் சுமார் 1 லட்சமாகக் குறைந்த மலேரியா, 1976-ல் 64 லட்சமாக ஏறிற்று. கொசு நம்மைவிடப் பொறுமைசாலி. நாம் அசந்து போகும்வரை காத்திருக்கும்.

யாருக்கு எவ்வளவு கடி?

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். பூநாரை பார்க்கப் போகிறவருக்குக் கொசுக்கடி இரண்டு மணி நேரம். பூச்சு மருந்தும் முழுக்கைச் சட்டையும் அவருக்குப் போதும். கால்வாய்க் கரையில் குடியிருப்பவருக்கு வருஷம் முழுவதும் கடி. இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் தடவுகிறவர், எத்தனை குழாய் மருந்து வாங்கிப் பூசுவார்? அவர் வீட்டுக் குழந்தைக்கு நல்ல வலையும், ஜன்னலுக்குக் கம்பி வலையும், குழாயில் தினம் தண்ணீரும், கால்வாயில் ஓட்டமும் வேண்டும். இவை தர்மம் அல்ல. வரி வாங்குகிற நகராட்சி செய்ய வேண்டிய கடமை. 2011-ல் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. சேர்த்தவர்கள் கால்வாயையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொண்டார்கள்!

ஆகவே கழிக்குப் போங்கள். குழந்தைகளுக்குப் பறவைகளைக் காட்டுங்கள். சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் வீட்டு டிரம்மைத் திறந்து பாருங்கள். அதில் புழு நெளிந்தால் கொட்டிக் கழுவுங்கள். கால்வாயில் புழு நெளிந்தால், நாலு பேர் சேர்ந்து போய் அதிகாரிகளைக் கேளுங்கள்.

கழியைத் தூர்க்க மண் வேண்டாம். கால்வாயைத் தூர்வார மண்வெட்டிதான் வேண்டும்.